வட சென்னையிலிருந்து வங்கக் கடல் நாடுகளுக்குச் சரக்கு அனுப்ப: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ சிறு பட்டறை வைத்திருப்பவர், துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வண்டியை நுழைத்துத்தான் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறார். துறைமுகம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அவருடைய பொருள் கோயம்பேட்டையும் பெங்களூரையும் தாண்டுவதில்லை. தாண்டலாம் என்ற எண்ணம் வரும்போது, வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கைப் பற்றி "பிம்ஸ்டெக் நாடுகளுக்கு வரியே கிடையாதாம்" என்ற அரைகுறைச் செய்திதான் முதலில் காதில் விழுகிறது. அதை நம்பி டாக்காவிலோ பாங்காக்கிலோ உள்ள வாடிக்கையாளருக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டால், சரக்கு அங்கே இறங்கும் நாளில்தான் உண்மை தெரியவரும். அந்த நிலை வராமல் இருக்க, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் பிம்ஸ்டெக் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1997 ஜூன் 6 அன்று பாங்காக்கில் வங்கதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் கூடி இந்த அமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் மியான்மாரும், 2004-இல் நேபாளமும் பூடானும் சேர்ந்தன. தலைமைச் செயலகம் 2014 முதல் டாக்காவில் இயங்குகிறது. 2022-இல் கொழும்பு உச்சி மாநாட்டில் கையெழுத்தான சாசனம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. துறைகள் நாடுகளிடையே பங்கிடப்பட்டுள்ளன: வர்த்தகமும் முதலீடும் வங்கதேசத்தின் பொறுப்பு, போக்குவரத்து இணைப்பு தாய்லாந்தின் பொறுப்பு, பாதுகாப்பு இந்தியாவின் பொறுப்பு.

ஆனால் சுங்க வரிச் சலுகை என்று வரும்போது, இந்த ஏழு நாடுகளுக்கும் பொதுவான தடையற்ற வணிக ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. அதற்கான அடிப்படைக் கட்டமைப்பு உடன்படிக்கை 2004 பிப்ரவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி குறைப்பது, எதை விலக்குவது, ஒரு பொருள் எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் பிறப்பிட விதி என்ன என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் பேச்சு வார்த்தை அடுத்த நிதியாண்டுக்குள் முடிந்துவிடும் என்று எண்ணி யாரும் தொழில் திட்டம் போட வேண்டாம். இன்று நீங்கள் பெறக்கூடிய சலுகைகள் எல்லாம் வேறு ஒப்பந்தங்களின் வழியாகவே வருகின்றன. எந்த நாட்டுக்கு எந்த ஒப்பந்தம் என்று அறிந்து, அதற்குரிய பிறப்பிடச் சான்றிதழை வாங்குவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

பொருளின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

வாங்குபவரைத் தேடுவதற்கு முன்பே, உங்கள் பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் ஹெச்.எஸ். எண்ணைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. இந்தியாவில் எட்டு இலக்கம் எழுத வேண்டும். வாங்கும் நாட்டில் எவ்வளவு வரி, சலுகை உண்டா, சலுகை கிடைக்காத விலக்குப் பட்டியலில் இருக்கிறதா, உரிமம் வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் விடை தேட வேண்டும். "பித்தளைச் சாமான்", "ஸ்டீல் அயிட்டம்" என்று பொதுவாகச் சொன்னால் சுங்க வேலையை முடித்துத் தரும் எந்தக் கஸ்டம்ஸ் புரோக்கரும் உறுதியான பதில் தர முடியாது. எண்ணைப் புரோக்கர் சொல்லட்டும் என்று விட்டுவிடுவதும் நல்லதல்ல. தவறானால் அபராதம் உங்கள் பெயரில்தான் வரும்.

நாட்டுக்கேற்ற ஒப்பந்தம்

இலங்கைக்கு மூன்று கதவுகள் உள்ளன. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஒன்று. 2006 ஜனவரி முதல் இயங்கும் தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டா இரண்டாவது. 1975-இல் பாங்காக் ஒப்பந்தமாகத் தொடங்கி இப்போது ஆப்டா என்று அழைக்கப்படும் ஆசிய-பசிபிக் ஒப்பந்தம் மூன்றாவது. பெரும்பாலான பொருள்களுக்கு முதலாவதே லாபம், ஆனால் இலங்கையின் விலக்குப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருப்பதால், உங்கள் எண் அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே விலை பேச வேண்டும். வங்கதேசத்துக்கு சாஃப்டாவும் ஆப்டாவும் உண்டு. மியான்மார் இவை எதிலும் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் உறுப்பு நாடு என்பதால் 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆசியான் ஒப்பந்தம்தான் அதற்கு வழி. தாய்லாந்துக்கும் அதே ஒப்பந்தம் பொருந்தும். கூடுதலாக, 80-க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு மட்டும் 2004 செப்டம்பர் முதல் இந்தியாவும் தாய்லாந்தும் தனியாக ஓர் ஏற்பாடு வைத்துள்ளன.

நேபாளமும் பூடானும் கடற்கரை இல்லாத நாடுகள். அவற்றுக்கான சரக்கு ரக்சால், ஜெய்காவ்ன் போன்ற எல்லை ஊர்கள் வழியாகச் சாலையிலும் ரயிலிலும் போகிறது. தனி உடன்படிக்கைகள் இருக்கின்றன, ரூபாயிலேயே கணக்கு முடிக்கலாம். வட சென்னைக்காரருக்கு அது வேறு தொழில் என்பதால் இங்கே விடுகிறேன்.

பலரும் வழுக்கி விழும் இடம் பிறப்பிட விதி. இந்தியாவில் தயாரித்தால் இந்தியப் பொருள் என்பது பேச்சு வழக்குக்குச் சரி, சுங்கத்துக்குப் போதாது. வெளிநாட்டு மூலப்பொருள் கலந்திருந்தால், உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு விற்பனை விலையில் எத்தனை விழுக்காடு என்று ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். திருவொற்றியூரில் ஒரு பட்டறை, இறக்குமதியான துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வாங்கிக் கடைந்து வால்வு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றும் வரையிலான விலை 100 ரூபாய். அதில் இறக்குமதிக் கம்பியின் மதிப்பு 62 ரூபாய். கூலி, மின்சாரம், உள்ளூர்ப் பொருள்கள், லாபம் எல்லாம் சேர்ந்து 38 ரூபாய். ஹெச்.எஸ். எண்ணின் முதல் நான்கு இலக்கம்தான் தலைப்பு. கம்பி 7222 என்ற தலைப்பிலும் வால்வு 8481 என்ற தலைப்பிலும் வருவதால், தலைப்பு மாற வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் நிறைவேறிவிடுகிறது. இந்திய-இலங்கை ஒப்பந்தம் 35 விழுக்காடு கேட்கிறது, வால்வு தேறிவிடும். இந்திய-ஆசியான் ஒப்பந்தமும் 35 விழுக்காடுதான். தாய்லாந்துக்கும் மியான்மாருக்கும் தேறும். ஆனால் சாஃப்டாவின் பொது விதி இந்தியப் பொருளிடம் 40 விழுக்காடும் ஆப்டா 45 விழுக்காடும் கேட்கின்றன. ஆகவே அதே பட்டறையின் அதே வால்வு வங்கதேசத்துக்குச் சலுகையோடு போகாது.

இந்தக் கணக்கைத் தெரிந்தவர், கம்பியின் ஒரு பகுதியை இந்திய ஆலையிடம் வாங்கி விழுக்காட்டை மேலே கொண்டுவருவார், அல்லது வங்கதேச வாடிக்கையாளரிடம் முழு வரி விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். இரண்டும் நேர்மையான வழிகள். காகிதத்தில் மட்டும் விழுக்காட்டை உயர்த்தி எழுதுவது மூன்றாவது வழி. வாங்கும் நாட்டுச் சுங்கம் சந்தேகப்பட்டுத் திரும்பக் கேட்டால், கொள்முதல் பில்களைக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். சில பொருள்களுக்கு சாஃப்டாவில் தனி விதிகள் இருப்பதால், பொது விதியில் தேறவில்லை என்றதும் கைவிடாமல் அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதிவுகள்

இந்தப் பகுதி கேள்விப்படுவதைவிட எளிது. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் செலுத்தி ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் பெற வேண்டும். அது உங்கள் பான் எண்ணேதான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை அதே தளத்தில் உறுதி செய்யாவிட்டால் எண் முடக்கப்படும். பிறகு ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த நிதியாண்டுக்கான எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்தால், வரி கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் அலைச்சல் இல்லாமல் அனுப்பலாம். வங்கியிடமிருந்து, அதன் அந்நியச் செலாவணிக் கிளைக்கான எண்ணைக் குறிக்கும் ஏ.டி. கோடு கடிதம் வாங்கி, சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களும் சுங்கக் கணக்கில் தனித்தனி இடங்கள் என்பதை மறந்து, ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டுக் கப்பல் மற்றொன்றுக்கு மாறும்போது தவிப்பவர்கள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்தே பதிந்துவிடுங்கள். உணவுப் பொருளானால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமமும், தானியம், மசாலா போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படும்.

பிறப்பிடச் சான்றிதழ்

இதுவும் இணைய வழியில்தான். விண்ணப்பத்தில் ஒப்பந்தத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, விலைப் பட்டியல், கப்பல் விவரம், உற்பத்திச் செலவுக் கணக்கு ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஏற்றுமதி ஆய்வு முகமை போன்ற அதிகாரம் பெற்ற அமைப்பு அதைச் சரிபார்த்து வழங்கும். கடல் உணவுக்குக் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்.பி.இ.டி.ஏ.வும் துணி வகைகளுக்கு ஜவுளிக் குழுவும் வழங்குகின்றன. புதியவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே செலவுக் கணக்கை ஒரு பட்டயக் கணக்காளரிடம் கொடுத்துத் தயாராக வைத்துக்கொள்வது. கப்பல் புறப்படும் நேரத்தில் அந்தக் கணக்கைத் தேடுவதால்தான் பெரும்பாலான தாமதங்கள் ஏற்படுகின்றன. சலுகை வேண்டாத சரக்குக்குச் சாதாரணப் பிறப்பிடச் சான்றிதழ் போதும், ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டு சாதாரணச் சான்றிதழை அனுப்பினால் அங்கே சலுகை மறுக்கப்படும்.

சரக்கு செல்லும் பாதையும் விதிக்குள் அடங்கும். சலுகை பெறும் சரக்கு நேராகப் போக வேண்டும் என்பது எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான நிபந்தனை. சென்னையிலிருந்து வங்கதேசத்தின் சட்டோகிராம் (சிட்டகாங்) துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் பெட்டி கொழும்பில் கப்பல் மாறலாம். இலங்கை சாஃப்டா உறுப்பு நாடு என்பதால் சிக்கல் குறைவு. அதே பெட்டி சிங்கப்பூரில் மாறினால், சென்னை முதல் சட்டோகிராம் வரை ஒரே தொடர்ச்சியான பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) இருக்க வேண்டும், இடையில் சரக்கைத் தொடவில்லை என்று காட்ட வேண்டும். கப்பல் முகவரிடம் கட்டணத்தை மட்டும் கேட்காமல், எங்கே மாற்றுவீர்கள் என்றும் கேளுங்கள்.

புரோக்கர், பெட்டி, துறைமுகம்

பாரிமுனையைச் சுற்றியுள்ள தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, செகண்ட் லைன் பீச் ஆகிய இடங்களில் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள் மாடிக்கு மாடி இருக்கின்றன. சட்டத்தில் பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் எல்லோரும் இன்னும் "சி.ஹெச்.ஏ." என்றுதான் சொல்கிறார்கள். மலிவாகச் சொல்பவரைவிட, நீங்கள் அனுப்பும் நாட்டுக்கு ஏற்கெனவே சரக்கு அனுப்பியவரைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் செலவையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். "மொத்தமாப் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், மாடி இறங்கி அடுத்த படியேறுவது நல்லது.

ஒரு முழுப் பெட்டி நிரம்பாத சரக்கை, மணலி, மாதவரம், தண்டையார்பேட்டைப் பக்கங்களில் உள்ள சரக்குப் பெட்டி நிலையம் ஒன்றுக்கு அனுப்பினால், பிறருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றுவார்கள். முழுப் பெட்டியானால் உங்கள் பட்டறையிலேயே நிரப்பி மின்னணு சீல் போட்டு அனுப்பலாம், ஆனால் 40 அடி டிரெய்லர் உங்கள் தெருவுக்குள் திரும்புமா என்று முதலில் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அது நடக்காது. மரச் சட்டமோ மரப் பெட்டியோ பயன்படுத்தினால், வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு பலகைக்காக முழுச் சரக்கும் நிறுத்தப்படும். 2016 ஜூலை முதல், நிரப்பிய பெட்டியின் எடையைச் சான்றளிக்காமல் எந்தக் கப்பலும் ஏற்றுவதில்லை. ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில் தாக்கலாகி, சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி தந்த பிறகு, கப்பலின் கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி உள்ளே போய்விட வேண்டும். சாலை நெரிசலுக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஒதுக்குவது என் வழக்கம்.

பிம்ஸ்டெக் நாடுகள் கைகோத்ததன் பலன் ஓரளவு கண்ணில் படுவது இந்தக் கடல் பாதையில்தான். 2017 அக்டோபரில் 185 அசோக் லேலண்ட் லாரிகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து வண்டிகளை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோ-ரோ கப்பலில் வங்கதேசத்தின் மோங்லாவுக்குப் போயின. அதற்கு முன் அப்படிப்பட்ட லாரிகள் சாலை வழியாகவே எல்லை வரை ஓட்டிச் செல்லப்பட்டன. அதற்கு இடம் கொடுத்தது இருநாட்டுக் கடலோரக் கப்பல் உடன்படிக்கை. 2019 நவம்பரில் விசாகப்பட்டினத்தில் நடந்த பிம்ஸ்டெக் துறைமுக மாநாட்டில், தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ரனோங் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ரனோங் முழுமையாக இயங்கத் தொடங்கினால், மலாக்கா நீரிணையைச் சுற்றிப் தாய்லாந்து வளைகுடாவுக்குள் போகும் தூரம் மிச்சமாகும். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் ஏழு நாடுகளும் கடல் போக்குவரத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டுள்ளன. இவை கப்பல் கட்டணத்தைக் குறைக்கக்கூடியவை. சுங்க வரியைத் தொடுபவை அல்ல.

பணம் வந்து சேர

முதல் ஆர்டருக்கு முன்பணம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வங்கதேசத்தில் இறக்குமதி பெரும்பாலும் எல்.சி. எனும் வங்கிக் கடன் உறுதிக் கடிதம் வழியாகவே நடப்பதால், எல்.சி. கைக்கு வந்ததும் அதிலுள்ள பொருள் விவரம், அளவு, கடைசித் தேதி ஆகியவற்றை உங்கள் விலைப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்கும் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம். வங்கதேசம், மியான்மார் நாடுகளுடனான கணக்கு மத்திய வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் ஆசிய தீர்வக ஒன்றியத்தின் வழியாக முடிகிறது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு, ஆனால் 2022 நெருக்கடியில் டாலர் வற்றியபோது அந்த ஏற்பாட்டுக்கு வெளியே கணக்கு முடிக்க இந்திய ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. தாய்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. மியான்மாருடன் ரூபாயிலேயே கணக்கு முடிக்கும் வழியும் இப்போது உள்ளது. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டுக்கொண்டு விலைப் பட்டியலில் நாணயத்தை எழுதுங்கள்.

2021 பிப்ரவரி ராணுவ ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு மியான்மாரில் இறக்குமதி உரிமம் இல்லாமல் சரக்கு இறங்காது. உரிமத்தின் நகலைப் பார்க்காமல் பெட்டியை நிரப்பாதீர்கள். வங்கதேசத்துடன் 2025-இல் இரு தரப்பும் தரைவழி வணிகத்துக்குப் பல கட்டுப்பாடுகள் விதித்ததால், கடல் வழி அனுப்புவோருக்கு ஓரளவு சாதகம் உண்டு. ஆனால் அறிவிப்புகள் அடிக்கடி மாறுகின்றன. கடனுக்கு விற்பதாக இருந்தால் அரசு நிறுவனமான ஈ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்துவிடுங்கள், வாங்குபவர் பணம் தராமல் போவதற்கும், அந்த நாட்டில் டாலர் கிடைக்காமல் போவதற்கும் அது ஈடு தரும். பிரீமியம் அதிகம் என்று முகம் சுளிப்பவர்கள் 2022-இல் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

வாங்குவதும் இந்தத் தொழில்தான்

வட சென்னைக்கு இந்தக் கடலோடு உள்ள உறவு புதியதல்ல. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் ராஜாஜி சாலையில் போட்ட கடைகள்தாம் பர்மா பஜார் ஆயின. அதை ஒட்டிய தெருக்களில் மாலையானால் பர்மிய நூடுல்ஸான அத்தோவின் தட்டுகள் இன்னும் சலசலக்கின்றன. இன்றைக்கு அந்தக் கரையிலிருந்து பெரிய அளவில் வருவது உளுந்து. பர்மா உளுந்தின் விலை சென்னைச் சந்தையில் எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்ற இரண்டு தரங்களில், சென்னை வரை கப்பல் செலவு உட்பட டன்னுக்கு இத்தனை டாலர் என்று பேசப்படுகிறது. இட்லி மாவு அரைக்கும் கடைக்காரர் தினசரி கவனிக்காவிட்டாலும், மொத்த வியாபாரி அந்த எண்ணைப் பார்க்காமல் கடை திறப்பதில்லை. இறக்குமதிக்கு மத்திய அரசு அவ்வப்போது கெடு வைத்துச் சலுகையை நீட்டிப்பதால், கப்பல் புறப்படும் தேதியும் பி.எல். தேதியும் அந்தக் கெடுவுக்குள் வருகின்றனவா என்று பார்ப்பது அவசியம். தாவரத் தனிமைப்படுத்தல் துறையின் இறக்குமதி அனுமதி, ஏற்றுமதி நாட்டின் புகையூட்டல் சான்று, உணவுப் பாதுகாப்புத் துறையின் மாதிரிப் பரிசோதனை ஆகியவையும் உண்டு.

தாய்லாந்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ சலுகை வரியில் இறக்குமதி செய்பவர்களுக்கு, 2020 செப்டம்பர் 21 முதல் இன்னொரு பொறுப்பும் சேர்ந்துள்ளது. அனுப்புபவர் தந்த பிறப்பிடச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. அந்தப் பொருள் அங்கே எப்படித் தயாரானது, வெளிநாட்டு மூலப்பொருள் எவ்வளவு, எந்த விதியின்படி தேறியது என்ற விவரங்களை இறக்குமதியாளரே முன்கூட்டிக் கேட்டு வைத்திருக்க வேண்டும். ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்தில் அதிகாரி கேட்கும்போது தர முடியாவிட்டால், சலுகை நிறுத்தப்பட்டு முழு வரியும் கட்ட வேண்டிவரும். ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, மேலே வால்வுக்குப் போட்ட அதே வகைக் கணக்கை விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கோப்பாக ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள்.